செவிலியம் எனும் பணி – 9: போஸ்டிங்கில் தெரியும் பாதை

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. எந்தத் துறைக்குப் போவது என்பதைப் பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே பெரும்பாலான மாணவர்கள் இருந்துவிடுகிறார்கள். ஆனால் அதற்கான விடை, படிக்கும்போதே வார்டுகளில் பயிற்சி பெறும் போஸ்டிங்கிலேயே கிடைத்துவிடுகிறது. பிரசவ அறை, குழந்தைகள் வார்டு, மனநலப் பிரிவு, ஐ.சி.யு., கிராமம் என எல்லா இடங்களையும் சம்பள வேலையின் பொறுப்பு இல்லாமல் பார்க்கும் வாய்ப்பு மாணவப் பருவத்தில் மட்டுமே உண்டு. ரெக்கார்டு நோட்டை நிரப்பினால் போதும் என்று அந்த வாரங்களைக் கடத்துவது பெரிய இழப்பு.

ஐ.சி.யு. பலரையும் ஈர்க்கும். அங்கே ஒரு நர்ஸ் மணிக்கு மணி நோயாளிக்கு உள்ளே போன திரவத்தையும் வெளியேறிய சிறுநீரையும் அளந்து எழுதுகிறார். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் கருவியைப் பார்க்கும் முன் நோயாளியைப் பார்க்கிறார். இந்த இடைவிடாத கவனம் சுமையாகத் தெரியாதவர்களுக்கு ஏற்ற துறை இது. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சில் 2016-ல் பாடத்திட்டம் வகுத்தது. இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. சேர ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும். முடித்தவர்களுக்கென்று தனிப் பணியிடங்கள் இன்னும் பரவலாக உருவாகவில்லை என்பதையும் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

சமூக நலச் செவிலியத்தை மாணவர்கள் குறைத்து மதிப்பிடுவது நியாயமே இல்லை. வீட்டுக்குப் போகும் நர்ஸ் செய்தித்தாளை விரித்துப் பையை வைத்து, முதலில் சோப்பை எடுத்துக் கை கழுவிய பிறகே மற்றவற்றைத் தொடுகிறார். டாக்டர் அருகில் இல்லாத அந்தத் திண்ணையில், கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தை அளந்து, மருத்துவமனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அவரே முடிவெடுக்க வேண்டும். துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளராகச் சேரும் வழியும் இப்போது உண்டு.

எம்.எஸ்சி. நர்சிங், முக்கியமாக ஆசிரியர் பணிக்கான படிப்பு. வார்டை விட்டு விலக விரும்பாதவர்களுக்கு, புற்றுநோய், அறுவை அரங்கு போன்ற துறைகளில் உள்ள ஓராண்டு டிப்ளமோக்களே பொருத்தம்.

தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு. தேர்வானாலும் முதலில் தொகுப்பூதியம்தான். காலமுறை ஊதியத்துக்குப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். வெளிநாடு என்றால் ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி, பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, அமெரிக்காவுக்கு என்.கிளெக்ஸ் உரிமத் தேர்வு. இவற்றில் மொழிப் பயிற்சியைக் கல்லூரிக் காலத்திலேயே தொடங்கலாம். வேலைக்குச் சேர்ந்து நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு புதிய மொழி கற்பது மிகவும் கடினம்.

மேற்படிப்புகள் பலவும் கேட்பது, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகான பணி அனுபவம். ஆகவே, முதல் வேலையில் சேரும்போதே முறையான நியமன ஆணையையும், விலகும்போது அனுபவச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை எந்த நிர்வாகத்திடமும் ஒப்படைக்காதீர்கள்.