படுக்கையில்லாத வைத்தியசாலை: பகல் சத்திரசிகிச்சை நிலையங்களின் வளர்ச்சியும் வணிகமும்



உயர்தர வகுப்பில் பொருளியல், வணிகக் கல்வி ஆகிய பாடங்களைக் கற்கும் உங்களுக்கு நிலையான செலவு, இலாப நட்டமற்ற புள்ளி, அமையச் செலவு என்பன மனனஞ் செய்த வரைவிலக்கணங்களாகவே இருக்கின்றன. "ஒரு சேவைத்துறை நிறுவனத்தை உதாரணமாகக் கொண்டு விளக்குக" என்று வினா வந்தால் பலரும் வங்கி, போக்குவரத்து என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். இக்கட்டுரை உங்களுக்குப் புதியதோர் உதாரணத்தைத் தருகின்றது. காலையில் நோயாளரை அனுமதித்து, சத்திரசிகிச்சை செய்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடும் நிலையங்களே அவ்வுதாரணமாகும். படிக்கும்போது ஒரு கேள்வியை மனதில் வைத்திருங்கள்: வைத்தியசாலையில் படுக்கை இல்லாமற் போனால், அந்தப் படுக்கையின் வேலையை யார் செய்கின்றனர்?

1. பகல் சத்திரசிகிச்சை என்றால் என்ன?

நோயாளர் விடுதியில் இரவு தங்காமல், சத்திரசிகிச்சை நடைபெற்ற நாளிலேயே வீடு திரும்புவது பகல் சத்திரசிகிச்சை எனப்படும். கண்புரை நீக்கல், குடலிறக்கம், சிறு கட்டிகளை அகற்றல், மூட்டுக்குள் கருவி செலுத்திச் செய்யப்படும் சில சிகிச்சைகள் என்பன இதற்குப் பொருத்தமானவை. இதனைப் பெரிய வைத்தியசாலையின் ஒரு பிரிவிலும் செய்யலாம். இதற்கெனவே அமைக்கப்பட்ட தனி நிலையத்திலும் செய்யலாம். இவ்வாறான தனி நிலையங்கள் பலவற்றை ஒரே பெயரில் நடத்துவனவே பகல் சத்திரசிகிச்சைக் கம்பனிகள் ஆகும்.

2. தோற்றம்

இது நேற்று வந்த எண்ணமன்று. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வெளிநோயாளராக வந்த சிறுவர்களுக்குச் செய்யப்பட்ட 8,988 சத்திரசிகிச்சைகளைப் பற்றி 1909 இல் எழுதினார். தாயின் கையிலேயே குழந்தையைக் கொடுத்தனுப்புவது நல்லது என்பது அவருடைய கருத்தாகும். எனினும் அக்காலத்து மயக்கமருந்துகளும் தொற்று பற்றிய அச்சமும் இம்முறை பரவத் தடையாக இருந்தன.

வணிக முறையில் திருப்புமுனை 1970 இல் ஏற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரில், வொலஸ் றீட், ஜோன் போர்ட் என்னும் இரு மயக்கமருந்து வைத்தியர்கள், வைத்தியசாலையுடன் சேராத முதலாவது தனி நிலையத்தைத் திறந்தனர். சிறிய சிகிச்சைக்கும் பெரிய வைத்தியசாலையின் முழுச் செலவையும் நோயாளர் ஏன் சுமக்க வேண்டும் என்பதே இதற்கு அடிப்படையான கேள்வியாகும்.

3. வளர்ச்சிக்கான காரணங்கள்

(அ) தொழினுட்பம்: 1949 இல் இலண்டனில் ஹரல்ட் றிட்லி கண்ணுக்குள் முதலாவது செயற்கை வில்லையைப் பொருத்தினார். 1967 இல் சார்ள்ஸ் கெல்மன் ஒலியலை மூலம் புரையை உடைத்துச் சிறிய வெட்டின் வழியாக உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1980களில் சிறு துளையினூடாகப் பித்தப்பையை அகற்றும் முறை தோன்றியது. அதே காலத்தில் விரைவாகத் தெளியக்கூடிய புரொபொபோல் என்னும் மயக்கமருந்தும் பாவனைக்கு வந்தது. வெட்டு சிறுத்தது, மயக்கம் விரைவில் தெளிந்தது. ஆகவே தங்கும் தேவை குறைந்தது.

(ஆ) பணம் கொடுப்போரின் விருப்பம்: அமெரிக்காவில் முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதித் திட்டமாகிய மெடிகெயார், 1982 முதல் இந்நிலையங்களுக்குக் கொடுப்பனவு செய்யத் தொடங்கியது. வைத்தியசாலைக்குக் கொடுப்பதிலும் குறைந்த தொகையே கொடுத்தால் போதும் என்பதால் அரசுக்கும் இலாபம். நிலையத்துக்கும் நிச்சயமான வருமானம். இன்று அத்திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் 6,000 இற்கும் அதிகமாகும்.

(இ) வைத்தியரின் பங்குடைமை: பல நிலையங்களில் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியரே பங்குதாரராகவும் இருக்கிறார். இதனால் நிலையத்துக்கு நோயாளர் குறைவின்றி வருகின்றனர். இது வளர்ச்சிக்கு உதவிய காரணி. அதேவேளை ஆபத்தும் இதிலேயே உள்ளது. ஆறாம் பகுதியில் இதனைப் பார்ப்போம்.

4. இலாபம் எவ்வாறு கிடைக்கின்றது?

பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நாமே எடுத்துக்கொண்டவை.

ஒரு நிலையத்தின் மாத நிலையான செலவு 30 இலட்சம் ரூபா என்க. கட்டட வாடகை, இயந்திரங்கள், நிரந்தர ஊழியர் சம்பளம் என்பன இதில் அடங்கும். ஒரு சிகிச்சைக்கான மாறும் செலவு 20,000 ரூபா. நோயாளரிடம் பெறும் கட்டணம் 45,000 ரூபா.

ஒரு சிகிச்சையிலிருந்து நிலையான செலவுக்குக் கிடைக்கும் பங்களிப்பு 45,000 - 20,000 = 25,000 ரூபா. எனவே இலாப நட்டமற்ற புள்ளி 30 இலட்சம் ÷ 25,000 = 120 சிகிச்சைகள்.

மாதம் 60 சிகிச்சைகள் மட்டும் நடந்தால் வருமானம் 27 இலட்சம், மொத்தச் செலவு 42 இலட்சம், நட்டம் 15 இலட்சம். அதே கட்டடத்தில், அதே இயந்திரங்களுடன் 300 சிகிச்சைகள் நடந்தால் வருமானம் 135 இலட்சம், மொத்தச் செலவு 90 இலட்சம், இலாபம் 45 இலட்சம். ஒரு சிகிச்சைக்கான சராசரிச் செலவு 70,000 இலிருந்து 30,000 ஆகக் குறைகின்றது.

இதிலிருந்து இத்தொழிலின் உயிர்நாடி எது என்பது உங்களுக்கு விளங்கும். சத்திரசிகிச்சைக் கூடம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது. ஒரே வகைச் சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் தொழிற்பிரிவும் தேர்ச்சியும் வளர்கின்றன. அவசர நோயாளர் குறுக்கே வராததால் நேர அட்டவணை குழம்புவதில்லை. இரவுப் பணி ஊழியரும் விடுதியும் தேவையில்லை.

5. கம்பனிகளின் வரலாறு கூறும் பாடம்

அமெரிக்காவில் 1982 இல் தொடங்கப்பட்ட சேர்ஜிக்கல் கெயார் அபிலியேற்ஸ் என்னும் கம்பனி பல கைகள் மாறி, 2017 இல் யுனைட்டெட்ஹெல்த் குழுமத்தால் ஏறத்தாழ 230 கோடி டொலருக்கு வாங்கப்பட்டது. காப்புறுதி விற்கும் குழுமமே சத்திரசிகிச்சை நிலையங்களுக்கும் உரிமையாளராயிற்று. இது நிலைக்குத்து ஒன்றிணைவுக்கு நல்ல உதாரணமாகும்.

1992 இல் தோன்றிய அம்சேர்ஜ் கம்பனி 2016 இல் என்விஷன் என்னும் பெரிய கம்பனியுடன் இணைந்தது. 2018 இல் கே.கே.ஆர். என்னும் முதலீட்டு நிறுவனம் பெருங்கடனுடன் அதனை வாங்கியது. 2023 இல் என்விஷன் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது; அதன் பின் அம்சேர்ஜ் பிரிக்கப்பட்டது. சத்திரசிகிச்சை நிலையங்கள் நன்றாக ஓடினாலும் கடன் மிகுந்தால் கம்பனி தளரும் என்பதை நினைவிற் கொள்க.

தமிழ்நாட்டிலும் இதனையொத்த கதை உண்டு. திருச்சியில் 2002 இல் கண் சிகிச்சையில் இறங்கிய வாசன் நிறுவனம் வெளிநாட்டு முதலீட்டைப் பெற்று, நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களாக விரைந்து பரந்தது. பின்னர் கடன் நெருக்கடியில் வீழ்ந்து, 2017 இல் கம்பனிச் சட்டத் தீர்ப்பாயத்தை எட்டி, 2023 இல் வேறொரு கண் வைத்தியசாலை நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பெங்களூரில் 2009 இல் குறுகியகாலத் தங்கல் சத்திரசிகிச்சைக்கெனத் தொடங்கிய நோவா நிறுவனத்தின் வைத்தியசாலைகளை 2015 இல் அப்பலோ குழுமம் வாங்கியது.

இவற்றுக்கு மாறானது மதுரையின் அரவிந்த் கண் வைத்தியசாலை. அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்ற வைத்தியர் கோ. வெங்கடசாமி 1976 இல் 11 கட்டில்களுடன் இதனைத் தொடங்கினார். ஒரு நோயாளருக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தப்படுத்தப்படுவார். சத்திரசிகிச்சை நிபுணரின் நேரம் வீணாவதில்லை. 1992 இல் ஒரோலாப் என்னும் தமது ஆலையில் கண்வில்லைகளைத் தாமே செய்யத் தொடங்கியதால் வில்லையின் விலை பெரிதும் குறைந்தது. பணம் கொடுக்கக்கூடியோரிடம் பெறும் வருமானம் இலவச நோயாளரின் செலவைத் தாங்கியது. நாம் முன்னர் கண்ட கணக்குத்தான் இங்கும். ஆனால் மிகுதி எங்கே செல்கின்றது என்பதில்தான் வேறுபாடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிராமத்துக் கண் முகாமில் தெரிவு செய்யப்படும் வறிய நோயாளரை அரவிந்த் பேருந்தில் அழைத்துச் சென்று, தங்கவைத்து, உணவு கொடுத்துத் திருப்பி அனுப்பியது. சிகிச்சை சில நிமிடந்தான் என்றாலும், அந்நோயாளரை அன்றே வீட்டுக்குப் போ என்று சொல்ல முடியாது என்பதை அது உணர்ந்திருந்தது.

6. மறைந்திருக்கும் செலவுகள்

இப்போது நமது வாவிக்கரைக்கு வருவோம். எனது தாயாருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. நாங்கள் படுவான்கரையைச் சேர்ந்தவர்கள். சிகிச்சை அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு ஒரு நாள், சிகிச்சைக்கு ஒரு நாள், மறுநாள் கட்டு அவிழ்க்க ஒரு நாள் என மூன்று நாட்கள் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. முச்சக்கரவண்டிக்குக் கொடுத்த பணம் தனி. அதன்பின் பல வாரங்கள் நாள்தோறும் சொட்டுமருந்து விடுவது, அடுப்படிப் புகையில் அம்மா நிற்காமற் பார்ப்பது எல்லாம் அண்ணியின் வேலையாயிற்று. எந்தப் பற்றுச்சீட்டிலும் இவை இல்லை. அண்ணன் இழந்த கூலிதான் பொருளியல் கூறும் அமையச் செலவு. அண்ணி செய்தது தாதியின் வேலை. அதற்குச் சம்பளம் இல்லை.

எனது முற்கேள்விக்கு விடை இதுவே. படுக்கை ஒழியவில்லை, அது வீட்டுக்கு மாறியது. தூரமும் இதில் முக்கியம். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் படகுப் பாதையில் வாவியைக் கடந்தே எழுவான்கரைக்கு வந்தனர். இரவில் இரத்தம் கசிந்தால் எவ்வளவு நேரத்தில் வைத்தியரை அடையலாம் என்பது பகல் சத்திரசிகிச்சையில் முதலிற் கேட்க வேண்டிய கேள்வியாகும். வீட்டில் துணைக்கு வளர்ந்தவர் ஒருவர் இருக்கிறாரா என்பது இரண்டாவது கேள்வி. இவ்வகையில் ஒரு பாலமும் சுகாதார வசதியே.

வேறு இரு குறைகளும் உள்ளன.

முதலாவது, இலகுவானவரைத் தெரிவு செய்தல். இருதய நோய், கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்களைத் தனி நிலையம் ஏற்பதில்லை. பாதுகாப்பு நோக்கில் இது சரியே. ஆனால் கடினமான, செலவு மிகுந்த நோயாளர் அனைவரும் அரச வைத்தியசாலைக்கே செல்கின்றனர். பின்னர் இரண்டின் சராசரிச் செலவையும் ஒப்பிட்டு "தனியார் துறையே வினைத்திறனானது" என்று எழுதுவது தவறான ஒப்பீடாகும். பரீட்சையில் பலர் இத்தவறைச் செய்கின்றனர்.

இரண்டாவது, சமச்சீரற்ற தகவல். சிகிச்சை தேவையா என்பதை நோயாளர் அறியார், வைத்தியரே அறிவார். அவ்வைத்தியரே பங்குதாரராகவும் இருந்து, மாதம் 120 சிகிச்சை நடந்தாக வேண்டுமென்ற நிலையும் இருந்தால், தேவையற்ற சிகிச்சைக்கு இடமுண்டு. எல்லோரும் அவ்வாறு செய்வர் என்பதல்ல. சட்டமும் கண்காணிப்பும் தேவை என்பதே இதன் கருத்து.

7. இலங்கையின் நிலை

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாகும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும், களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆகிய ஆதார வைத்தியசாலைகளும் நமது மாவட்டத்தின் தூண்கள். 1977 முதல் அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் துறையில் பணியாற்ற அனுமதி உண்டு. நாம் "சனல் பண்ணுதல்" என்று சொல்வது இதன் விளைவே. எனவே இங்கு தனியார் நிலையமொன்று திறக்கப்பட்டாலும், அதில் சிகிச்சை செய்யும் நிபுணர் பெரும்பாலும் பகலில் அரச வைத்தியசாலையில் நாம் கண்ட அதே வைத்தியராவார். நிபுணரின் நேரம் அருமையான வளம். ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறையலாம். தனியார் நிலையங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது.

2022 பொருளாதார நெருக்கடியில் மருந்தும் சத்திரசிகிச்சைப் பொருட்களும் தட்டுப்பட்டபோது, அவசரமற்ற சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அவ்வேளை கையில் பணமுள்ளவர் தனியார் நிலையத்தை நாடலாம், இல்லாதவர் காத்திருந்தார். கண் மங்கிய ஒருவருக்குக் காத்திருப்பதும் ஒரு செலவே.

8. நினைவிற் கொள்க

பகல் சத்திரசிகிச்சையை நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரே சொல்லில் எழுதிவிடாதீர்கள். மூன்று வினாக்களுக்கு விடை எழுதுங்கள். செலவு எவ்வளவு குறைந்தது? குறைந்த செலவில் எவ்வளவு யாருடைய தோளுக்கு மாறியது? கிடைத்த மிகுதி யாருக்குச் சென்றது? இம்மூன்றையும் எழுதும் மாணவர், பாடத்தையும் விளங்கிக்கொண்டார். தம் வீட்டில் நடப்பதையும் விளங்கிக்கொண்டார் எனலாம்.

பயிற்சி வினாக்கள்

1. பகல் சத்திரசிகிச்சை நிலையங்களின் வளர்ச்சிக்கான காரணங்கள் மூன்றினைத் தந்து விளக்குக.

2. நான்காம் பகுதியிலுள்ள நிலையம் கட்டணத்தை 40,000 ரூபாவாகக் குறைத்தால் இலாப நட்டமற்ற புள்ளி யாது? (விடை: 150 சிகிச்சைகள்)

3. வாசன், அரவிந்த் ஆகிய நிறுவனங்களின் வளர்ச்சி முறைகளை ஒப்பிடுக.

4. உங்கள் வீட்டில் அல்லது அயலில் ஒருவர் சிகிச்சை பெற்றபோது ஏற்பட்ட, பற்றுச்சீட்டில் இடம்பெறாத செலவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் அமையச் செலவு எதுவெனக் குறிப்பிடுக.