குட்டி யானை கியர்பாக்ஸ்ல சத்தமா? பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



"சம்பளம் ஒரு பக்கம் வரட்டும். ஒரு லோடு வண்டி வாங்கி, டிரைவர் போட்டு விட்டா மாசம் ஏதாவது கையில நிக்கும்ல?" கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் வேலை பார்க்கிற நண்பர்கள் என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

யோசனை தப்பில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை சிப்காட், காக்களூர் சிட்கோ எஸ்டேட், ஆரம்பாக்கம் தாண்டினா ஆந்திரா பக்கம் ஸ்ரீசிட்டி. இத்தனை தொழிற்சாலைகளுக்கு நடுவுல சின்ன லோடு ஓடிக்கிட்டேதான் இருக்கும். 2005-ல டாடா ஏஸ் வந்தப்போ நம்ம ஊர் அதுக்கு "குட்டி யானை"ன்னு பேர் வச்சுது. 2011-ல அசோக் லேலண்ட் தோஸ்த் வந்துது. லாரி தேவைப்படாத சரக்குக்கு இந்த வண்டிங்கதான் இன்னைக்கு எல்லாரும் தேடுறது.

ஆனா வண்டி வாங்குறவங்க போடுற கணக்குல டீசல் இருக்கும், டிரைவர் பேட்டா இருக்கும், இஎம்ஐ இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும். கியர்பாக்ஸ் இருக்காது. இன்னைக்கு அந்த விட்டுப்போன வரியைத்தான் பார்க்கப் போறோம். மெக்கானிக் ஆகுறதுக்கு இல்லை. பணம் கொடுக்கிறவங்க நீங்க, எதுக்குக் கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும், அதுக்குத்தான்.

முதல்ல ஒரு மாசக் கணக்கு

இது உதாரணம் மட்டும்தான், உங்க நம்பரை நீங்க போட்டுக்குங்க. டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் போக ஒரு நாளைக்கு ரூ.900 நிக்குதுன்னு வைங்க. மாசம் 25 நாள் ஓடினா ரூ.22,500. இஎம்ஐ ரூ.13,000 போனா மிச்சம் ரூ.9,500.

இப்போ கியர்பாக்ஸ் வேலை வருது. பில் ரூ.25,000. வண்டி 8 நாள் ஷெட்ல நிக்குது, அதுல போன வருமானம் ரூ.7,200. மொத்தம் ரூ.32,200. அதாவது மூணு மாசத்துக்கும் மேல நீங்க சேர்த்த மிச்சம் ஒரே வேலையில போயிடுச்சு. இஎம்ஐ மட்டும் தேதி தவறாம வரும், அதுக்கு லீவு கிடையாது.

சத்தம் எப்போ வருதுன்னு கேளுங்க

இன்ஜின்ல பிறக்கிற சக்தி முதல்ல கிளட்ச், அப்புறம் கியர்பாக்ஸ், அப்புறம் வண்டிக்கு அடியில நீளமா போற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கடைசியா பின்னாடி இருக்கிற கிரவுன், இந்த வரிசையில சக்கரத்துக்குப் போகுது. இதுல எது கெட்டாலும் டிரைவர் சொல்றது ஒண்ணுதான்: "சார், கியர்பாக்ஸ் போச்சு." அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பாக்ஸை இறக்கச் சொல்லாதீங்க. இந்த சோதனைகளை முதல்ல செஞ்சு பாருங்க. எல்லாத்துக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும்.

*வண்டி நின்னபடி, நியூட்ரல்ல:* இன்ஜின் ஓடும்போது உறுமல் கேட்குது, கிளட்ச்சை மிதிச்சா நின்னு போகுதா? கியர்பாக்ஸ் உள்ளே இருக்கிற பேரிங் மேல சந்தேகப்படலாம். நேர்மாறா, கிளட்ச்சை மிதிக்கும்போதுதான் சத்தம் வருதா? அது பெரும்பாலும் கிளட்ச் ரிலீஸ் பேரிங். அதை மாத்தவும் பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், ஆனா பாக்ஸை உள்ளே பிரிக்கத் தேவையில்லை. பில்லுல பெரிய வித்தியாசம் வர்ற இடம் இது.

*எல்லா கியரும் கஷ்டமா விழுதா?* இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கியர் போட்டுப் பாருங்க. ஆஃப்ல சுலபமா விழுந்து, ஆன்ல மட்டும் முரண்டு பிடிச்சா, கிளட்ச் முழுசா விலகலைன்னு அர்த்தம். கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டா இருக்கலாம், ஹைட்ராலிக் லீக்கா இருக்கலாம். ஆஃப்லயும் கஷ்டமா இருந்தா, லீவர்ல இருந்து பாக்ஸுக்குப் போற கேபிள், ராட், புஷ் இதையெல்லாம் முதல்ல பார்க்கச் சொல்லுங்க. இந்த வேலைகள்ல பல வெளியிலயே முடிஞ்சிடும்.

*ஒரே ஒரு கியர் மட்டும் "கர்ர்"னு கடிக்குதா?* உதாரணமா இரண்டாவது மட்டும். அப்போ அந்த கியரோட சிங்க்ரோ ரிங் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். இது உள்வேலை. தள்ளிப்போட்டா, ரிங்கோட நிக்காம கியர் பல்லும் சேர்ந்து போகும்.

*ஓடும்போது கியர் தானா வெளிய வருதா?* உள்ளே ஸ்பிரிங், ஃபோர்க், பல் எதுவா வேணும்னாலும் இருக்கலாம். ஆனா இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் கிழிஞ்சாலும் இதே மாதிரி ஆகும். ரப்பரை முதல்ல பாருங்க, அதுதான் செலவு குறைவு.

*ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா இன்ஜின் கத்துது, வண்டி வேகம் எடுக்கலையா?* கிளட்ச் பிளேட் வழுக்குது. கியர்பாக்ஸ் மேல பழி போட வேண்டாம்.

*கியர் மாத்தினாலும் ஊளை மாறாம, வண்டி வேகத்துக்குத் தகுந்த மாதிரி மட்டும் மாறுதா? வண்டி எடுக்கும்போது "டங்"னு இடிக்குதா?* ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் கிராஸ், கிரவுன் ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க.

மெக்கானிக்கிட்ட போகும்போது "கியர்பாக்ஸ் பாருங்கண்ணே"ன்னு சொல்றதுக்கும், "அண்ணே, நியூட்ரல்ல உறுமுது, கிளட்ச் மிதிச்சா நிக்குது"ன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. நல்ல மெக்கானிக்குக்கு இது பாதி வேலையைக் குறைக்கும்.

ஆயில்: மலிவான இன்சூரன்ஸ்

இன்ஜின் ஆயிலை ஞாபகம் வச்சு மாத்துறவங்க கியர் ஆயிலை மறந்துடுவாங்க. பாக்ஸ் பக்கவாட்டுல ஒரு ஃபில்லர் பிளக் இருக்கும். சமதளத்துல வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழட்டினா, பொதுவா ஓட்டையோட கீழ்விளிம்பு வரைக்கும் ஆயில் நிக்கணும். குறைஞ்சிருந்தா எங்கே கசியுதுன்னு தேடணும். வெறுமனே ஊத்தி மூடினா அடுத்த மாசம் திரும்ப அதே கதைதான். காத்து போற ப்ரீதர் அடைச்சிருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியா ஆயில் வெளிய வரும்.

பழைய ஆயிலை இறக்கும்போது பக்கத்துல நில்லுங்க. டிரெயின் பிளக்ல காந்தம் இருந்தா, அதுல மெல்லிசா சாம்பல் நிறப் பசை இருக்கிறது சாதாரணம். தங்கம் மாதிரி மினுமினுப்பு தெரிஞ்சா சிங்க்ரோ ரிங் தேயுது. விரல்ல குத்துற இரும்புச் சில்லு இருந்தா பல்லோ பேரிங்கோ உடையுது, வண்டியை மேல ஓட்டாதீங்க.

"எந்த ஆயிலா இருந்தா என்ன"ன்னு விடாதீங்க. மேனுவல்ல என்ன கிரேடு போட்டிருக்கோ அதுதான். ஜிஎல்-4 சொல்லியிருந்தா ஜிஎல்-4. "ஜிஎல்-5 இன்னும் உசத்தி"ன்னு கடையில சொல்லலாம். ஆனா சில ஜிஎல்-5 ஆயில்ல இருக்கிற சேர்மானம் பித்தளை வகை சிங்க்ரோ ரிங்குக்கு ஒத்துக்காது.

நம்ம ஊர் வண்டிக்கு இருக்கிற ரெண்டு ஆபத்து

ஒண்ணு, தண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கியர்பாக்ஸ் அளவுக்குத் தண்ணியில நின்ன வண்டியில ப்ரீதர், சீல் வழியா தண்ணி உள்ளே போகலாம். ஆயில் பால் கலந்த டீ மாதிரி தெரிஞ்சா உடனே மாத்தணும். பழைய வண்டி வாங்கப் போறீங்கன்னா, பெயின்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கியர் ஆயிலையும் கிரவுன் ஆயிலையும் பாருங்க.

ரெண்டாவது, எடை. கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பு லோடு அதிகம். இரும்பு பார்க்கிறதுக்குக் கொஞ்சம், எடையில நிறைய. ஓவர்லோடு வண்டி முதல், இரண்டாவது கியர்லயே ரொம்ப நேரம் திணறும். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் கிளட்ச் வழுக்கித்தான் நகரும். அன்னைக்குக் கூடுதலா கிடைச்ச சில நூறு ரூபாயை கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் மெதுவா திருப்பி வாங்கிக்கும்.

இன்னொரு விஷயம். வழியில வண்டி நின்னா, கயிறு கட்டி செங்குன்றம் வரைக்கும் இழுத்துட்டு வர்றது வழக்கம். நியூட்ரல்ல பின் சக்கரம் சுத்தும்போது கியர்பாக்ஸோட ஒரு பகுதி மட்டும் சுத்தும், ஆயிலை வாரி இறைக்கிற பகுதி சுத்தாது. தூரம் அதிகம்னா ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழட்டிட்டு இழுக்கச் சொல்லுங்க.

இன்சூரன்ஸும் வரியும் கைகொடுக்குமா?

இது என் ஏரியா, அதனால நேரா சொல்றேன். முழு இன்சூரன்ஸ் பாலிசியா இருந்தாலும் தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் அதுல வராது. கியர் பல் தேய்ஞ்சதுக்கு கிளெய்ம் கிடையாது. வெள்ள சேதம் வேற கதை, அது பாலிசியில வரும். ஆனா தண்ணி புகுந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓட்டி, அதனால கூடுதலா கெட்டா, அந்தப் பகுதியைத் தர மறுக்கலாம். அதனால போட்டோ எடுங்க, கம்பெனிக்குச் சொல்லுங்க, டோ பண்ணுங்க.

அடுத்து வரி. பத்து வண்டிக்கு மேல இல்லாத ஓனருக்கு 1961 வருமான வரிச் சட்டத்துல 44ஏஇ பிரிவு இருக்கு. (2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டத்துல பிரிவு எண் வேற.) இந்த மாதிரி சின்ன வண்டிக்கு மாசம் ரூ.7,500 லாபம்னு எடுத்துக்குவாங்க, வருஷத்துக்கு ரூ.90,000. அது உங்க சம்பளத்தோட சேரும். டிரைவருக்கு லீசுக்கு விட்டாலும் இதேதான். இஎம்ஐல வாங்கின வண்டிக்கும் ஓனர் நீங்கதான்.

இதுல கவனிக்க வேண்டியது: அந்த ரூ.7,500-லயே டீசல், ரிப்பேர், தேய்மானம், லோன் வட்டி எல்லாம் கழிச்சாச்சுன்னு கணக்கு. ரூ.25,000 கியர்பாக்ஸ் பில்லைத் தனியா கழிக்க முடியாது. வண்டி ஒரு மாசம் ஷெட்லயே நின்னாலும், அந்த மாசத்துக்கும் ரூ.7,500 வருமானம்தான். குறைச்சுக் காட்டணும்னா முறையா கணக்குப் புத்தகம் வச்சு ஆடிட் பண்ணணும். ஒத்தை வண்டிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

அதாவது கியர்பாக்ஸ் செலவை உங்களோட பகிர்ந்துக்க யாரும் இல்லை. அதனால கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தனி அக்கவுண்ட்ல போடுங்க. மாசம் 2,500 கிலோமீட்டர் ஓடினா ரூ.2,500. மேல சொன்ன உதாரணத்துல உங்க மிச்சம் ரூ.9,500 இல்லை, ரூ.7,000 தான். அந்த ரூ.7,000-க்கும் வண்டி வாங்குறது சரியா வருதுன்னு தோணினா மட்டும் வாங்குங்க.

கடைசியா, டிரைவர்

எல்லாத்தையும் விட முக்கியமானது இது. நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க. சத்தத்தை முதல்ல கேட்கிறது டிரைவர் அண்ணன்தான். "ரிப்பேர் வந்தா உன் கணக்குல பிடிச்சுடுவேன்"னு சொல்லி வச்சிருந்தா, அவர் சத்தத்தைச் சொல்ல மாட்டார். ரேடியோவை இன்னும் கொஞ்சம் சத்தமா வைப்பார். வண்டி நின்னா அவருக்கும் அன்னைக்கு பேட்டா இல்லையே, அவர் மட்டும் ஏன் சொல்லணும்?

அதனால வண்டி கொடுக்கும்போதே பேசிடுங்க: "அண்ணே, சின்ன சத்தம் வந்தாலும் அன்னைக்கே சொல்லுங்க. செக் பண்ற நாளுக்குப் பாதி பேட்டா நான் தர்றேன்." சில நூறு ரூபாய்தான். ரிலீஸ் பேரிங் ஸ்டேஜ்லயோ சிங்க்ரோ ரிங் ஸ்டேஜ்லயோ விஷயம் உங்க காதுக்கு வந்துடும். வாரம் ஒரு தடவை நீங்களும் பக்கத்துல உட்கார்ந்து ஒரு ட்ரிப் போயிட்டு வாங்க. கியர் லீவர் மேல கையை ஊன்றி வைக்கிறாரா, கிளட்ச் மேலயே காலை வச்சு ஓட்டுறாரா, பார்த்தாலே தெரியும். அதைக் குத்தமா சொல்லாம, பணிவா சொல்லுங்க. வண்டி ஓட்டுறதுல உங்களை விட அவருக்கு அனுபவம் அதிகம்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. கியர் ஆயில் கடைசியா எப்போ மாத்தினதுன்னு பில்லைத் தேடுங்க. பில் கிடைக்கலைன்னா, மாத்தலைன்னே வச்சுக்கிட்டு திங்கட்கிழமையே மாத்திடுங்க.

வண்டி வாங்கலாமா வேண்டாமான்னு குழப்பத்துல இருந்தா, உங்க இஎம்ஐ, மாசக் கிலோமீட்டர், ஒரு நாள் மிச்சம் இந்த மூணையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோல அந்த நம்பரை வச்சே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.