முழங்காலைக் கேட்டுக்கொண்டு மலைக்குப் போங்கள்!

ஆபீஸில் லிஃப்ட் ரிப்பேர் ஆன அன்றைக்கு நம் ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது மாடி வருவதற்குள் ஜன்னலோரம் நின்று, இயற்கையை ரசிக்கிற பாவனையில் மூச்சு வாங்குவார்கள். அதே ஆசாமிகளை டீக்கடையில் மடக்கிக் கேளுங்கள். "காலேஜ் டேஸ்ல நாங்கள்லாம் மலை மேலேயே டென்ட் அடிச்சுத் தூங்கினவங்க சார்!" என்பார்கள்.

பொய்யில்லை. நானும் அந்தக் கட்சிதான்.

முதுகில் பை, பைக்குள் இரண்டு நாள் சாப்பாடு, ராத்திரி மலையிலேயே தூக்கம் என்று ஒரு காலத்தில் திரிந்தவன். கடைசியாகப் போனது 2017-ல், கர்நாடகாவின் குமார பர்வதம். அதன் பிறகு வந்தது 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் இறந்துபோனார்கள். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு சனி, ஞாயிறுக்குப் பை தூக்கிக் கிளம்புகிற, நம்மைப் போன்றவர்கள்.

அன்றைக்கு டி.வி.யை அணைத்துவிட்டு அம்மா சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமே இந்த வீட்ல மலைன்னு யாரும் பேசக் கூடாது."

பேசவில்லை. அப்புறம் கல்யாணம், இ.எம்.ஐ., கொரோனா, குழந்தை... ஏழு வருஷம் போனதே தெரியவில்லை.

2025 ஜனவரியில் மறுபடி மூட்டை கட்டினேன். இடம், அகத்தியமலை. தமிழ்நாடு-கேரள எல்லையில் 1,868 மீட்டர் உயரம். தாமிரபரணி பிறக்கிற மலைகள். வருஷா வருஷம் கேரள வனத்துறையே சீசன் வைத்து, ஆன்லைனில் பதிவு செய்து, கைடு போட்டு அழைத்துப் போகிறது. முதல் நாள் திருவனந்தபுரம் மாவட்டம் போணக்காட்டிலிருந்து சுமார் 15 கி.மீ. நடந்து அதிருமலை முகாம். இரண்டாம் நாள் 6 கி.மீ. ஏறி உச்சி, மறுபடி முகாம். மூன்றாம் நாள் இறக்கம்.

அம்மாவிடம் இதையெல்லாம் ஒரு புரொபசர் மாதிரி விளக்கினேன். "சரி, பார்த்து இறங்கு" என்றாள். கவனித்தீர்களா? 'ஏறு' என்று சொல்லவில்லை!

எடைக்குக் கணக்கு

ஒரே நாளில் போய்த் திரும்புகிற மலைக்கும், ராத்திரி தங்குகிற மலைக்கும் ஒரு வித்தியாசம். இரண்டாவதில் வீட்டையே முதுகில் தூக்க வேண்டும். உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்பது மலையேறுகிறவர்கள் சொல்கிற பொது விதி. என் எடை 74 கிலோ. முதல் தடவை கட்டிய பை 13 கிலோ. விதிப்படி பாஸ்!

ஆனால் பி.காம். படித்தவனுக்குப் பழைய லெட்ஜரைப் புரட்டாமல் இருக்க முடியாதே. 2017-ல் என் எடை 61. அதாவது, 13 கிலோ பை ஒன்று ஏற்கெனவே என் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முதுகில் இல்லை, முன்பக்கம்! இன்னொரு 13 எதற்கு?

பையைத் தரையில் கொட்டினேன். மூன்று டி-ஷர்ட், இரண்டாவது பவர் பாங்க், தடியான நாவல், மாமியார் அன்போடு கொடுத்த முறுக்கு டின் எல்லாம் வெளிநடப்புச் செய்தன. முகாமில் கூரையும் கஞ்சியும் உண்டு என்பதால் டென்ட், அடுப்பு வேண்டாம். கடைசியில் 8 கிலோ.

குறைக்கக் கூடாதது மூன்று. ஒன்று, தண்ணீர். லிட்டருக்கு ஒரு கிலோ கனக்கும், இருந்தாலும் வேண்டும். இரண்டு, ஸ்வெட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். மூன்று, டார்ச்.

இன்னொன்று. பையின் இடுப்புப் பட்டையைப் பலர் அலங்காரத்துக்குத் தொங்கவிடுகிறார்கள். அதை இறுக்கிக் கட்டினால் கனம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும். பட்டை வைத்திருப்பதே அதற்குத்தான் ஸ்வாமி!

இறங்குவதற்கும் பயிற்சி

எட்டு வாரம் எங்கள் ஃபிளாட்டின் நாலு மாடிப் படிகளில் ஏறி இறங்கினேன். வாட்ச்மேன் ஒரு நாள் கேட்டேவிட்டார். "சார், லிஃப்ட் நல்லாத்தானே இருக்கு?" "இருக்கு." "அப்ப... வீட்ல ஏதாவது பிரச்னையா?"

ஏறுவது மூச்சுக்கு வேலை. இறங்குவது தொடைக்கும் முழங்காலுக்கும் வேலை. ஒவ்வொரு அடியிலும் மொத்தக் கனத்தையும் தொடைச் சதை பிரேக் போட்டுப் பிடிக்கிறது. அந்த வலி அன்றைக்கே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து, சரியாகத் திங்கட்கிழமை ஆபீஸ் படியில் வந்து நிற்கும். அதனால் ஏறும்போது படி, இறங்கும்போது லிஃப்ட் என்ற சலுகையை எனக்கு நானே ரத்து செய்தேன்.

மெடிக்கல் சர்டிபிகேட்டும் கேட்கிறார்கள். எங்கள் டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டே, "எத்தனை நாள் லீவு வேணும்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்கேன்னு சர்டிபிகேட் கேக்கற ஆளை இன்னிக்குத்தான்யா பாக்கறேன்!"

நேரத்துக்கு பட்ஜெட்

1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குப் போட்டார். 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி. இன்றைக்கும் மலைக்காரர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள். அவர் கணக்கு திடகாத்திரமான ஆளுக்கு. நம் மாதிரி மறுபிரவேசக்காரர்கள் கூடவே ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் கிளம்பும் முன்பே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நண்பனிடம் கொடுத்துவிட்டேன்: 'இரண்டாம் நாள், காலை 11 மணி. எங்கே இருந்தாலும் திரும்புவது.' வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கிற மூளை வேறு. உச்சியை எதிரே வைத்துக்கொண்டு முடிவெடுக்கிற மூளை வேறு. பின்னதை நம்பக் கூடாது!

போணக்காட்டில் மூடிக் கிடக்கும் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டியதும் காடு. ஓடை, புல்வெளி, மறுபடி காடு. கைடு திடீரென்று கையைத் தூக்கினால் நிற்க வேண்டும். யானை! ஒரு தடவை நின்றோம். சாணத்தில் ஆவி பறந்தது. யானை தெரியவில்லை. தெரியாத யானைதான் அதிகம் பயமுறுத்துகிறது.

ஏழு மணி நேர நடைக்குப் பிறகு அதிருமலை. ஷெட், பாய், சூடான கஞ்சி. செல்போனில் சிக்னல் இல்லை. ராத்திரி வெளியே வந்து நின்றேன். எதிரே கறுப்பாக ஒரு பெரிய மலை, அதன் மேல் நட்சத்திரம். ஏழு வருஷமாக எதை விட்டுவிட்டேன் என்று அப்போது புரிந்தது. உச்சியை இல்லை. வேலை என்று ஒன்றுமே பாக்கியில்லாத இந்த ராத்திரியை.

மறுநாள் பொங்காலப் பாறை வரை ஜோராகப் போனேன். அதற்கு மேல் கயிறு பிடித்து ஏறும் பாறைகள். முந்தின ராத்திரித் தூறலில் எல்லாம் ஈரம். மேலே பனிமூட்டம். வலது முழங்கால் மெதுவாக "சார்..." என்றது. மணி 10.50.

நண்பன் சீட்டை எடுத்து நீட்டினான். "நீ எழுதினதுதான். இப்ப என்ன சொல்றே?"

உச்சி அங்கேயே இருக்கிறது. வந்தது இவ்வளவு தூரம். இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று நாக்கு நுனி வரை வந்தது. ஏறிவிடலாம்தான். அதே ஈரப் பாறையில் இந்த முழங்காலோடு இறங்க வேண்டுமே? என்னோடு இன்னும் இரண்டு பேர் திரும்புவதாகச் சொல்ல, ஒரு கைடு எங்களை அழைத்துக்கொண்டு இறங்கினார். நண்பன் மேலே போய், பனிமூட்டத்துக்குள் அகத்தியர் சிலையைக் கும்பிட்டுவிட்டு வந்தான்.

உங்களுக்கும் கால் அரிக்கிறதா? எடுத்த எடுப்பில் மூன்று நாள் வேண்டாம். 2024-ல் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. பதிவு உண்டு, கைடு உண்டு. அதில் ஒன்றில் முதலில் முழங்காலைக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். காட்டுத் தீ சீசனில் பாதையை மூடினால் முணுமுணுக்காதீர்கள். ஏன் மூடுகிறார்கள் என்பது குரங்கணிக்குப் பிறகு நமக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும் நண்பர்கள், சொந்தக்காரர்கள், வாட்ச்மேன் உள்பட எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "உச்சியப் பாத்தியா?"

அம்மா மட்டும் வேறு கேட்டாள். "முழுசா வந்துட்டியா?"

"வந்துட்டேம்மா."

"சரி, அடுத்த வருஷம் எப்போ?"