பானைக்குள் வளர்ந்த பூசணி

பூசணிப் பிஞ்சைக் கொடியோடு ஒரு பானைக்குள் விட்டு வளர்த்தால், காய் முற்றிவிடும். ஆனால் பானையின் வாய் வழியாக வெளியே வராது. மெத்தனாலிலிருந்து பிளாஸ்டிக்கின் மூலப்பொருள்களைத் தயாரிக்கும் ஆலைகளில் அன்றாடம் நடப்பது இதுதான். அங்கே பானை என்பது சியோலைட் வினையூக்கி. பூசணி என்பது கரி.

1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்சல் கிரான்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது கொதிப்பதுபோல் நுரைத்தது. கல்லின் நுண்ணறைகளில் ஒளிந்திருந்த தண்ணீர் ஆவியானதுதான் காரணம். 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு சியோலைட் என்று பெயரிட்டார். அந்த நுண்ணறைகளைத்தான் இன்றைய வேதியியல் வேலை வாங்குகிறது.

சியோலைட் குடும்பத்தில் சேர்த்துப் பேசப்படும் சாப்போ-34ஐ எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு வெள்ளைத் தூள். உள்ளே எண்ணற்ற கூண்டுகள். ஒரு கூண்டின் நீளம் ஏறத்தாழ 1 நானோமீட்டர். வாசலின் அகலமோ 0.38 நானோமீட்டர்தான். சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் மெத்தனால் ஆவி இந்த வாசல் வழியே நுழைகிறது. கூண்டுக்குள் ஒரு பென்சீன் வளையம் உட்கார்ந்திருக்கும். மெத்தனாலின் கார்பனை அது மெத்தில் கிளைகளாகத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். பிறகு எத்திலீனாகவும் புரொப்பிலீனாகவும் உதிர்க்கும். சின்ன மூலக்கூறுகள் வாசலைக் கடந்து போய்விடும். வளையம் மட்டும் வெளியேற முடியாமல் அடுத்த மெத்தனாலுக்குக் காத்திருக்கும்.

வேலை செய்யச் செய்ய வளையம் பெருக்கிறது. இரண்டு வளையம் ஒட்டினால் நாப்தலீன். நம் வீட்டு அந்துருண்டையில் இருப்பதே அது. மூன்று ஒட்டினால் பினாந்திரீன், நான்கு ஒட்டினால் பைரீன். அதோடு கூண்டு நிறைந்துவிடும். இதைத்தான் கரிப்படிவு என்கிறோம். வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கல்ல இது. நேற்றுவரை உழைத்த வளையமே இன்று அடைப்பாகி நிற்கிறது. ஓரத்துக் கூண்டுகள் முதலில் நிரம்பினால், நடுவில் காலியாகக் கிடக்கும் கூண்டுகளுக்கும் வழி இல்லாமல் போகும்.

ஆய்வகத்தில் குழாய்க்குள் நிரப்பிய வெள்ளைத் தூளில் மெத்தனாலைச் செலுத்தினால், ஆவி நுழையும் முனையில் கருமை தொடங்கி, ஊதுபத்தி எரிவதுபோல் மெல்ல மறுமுனைக்கு நகரும். கருத்த பகுதி செத்தது. வெளுத்த பகுதி தன் முறைக்குக் காத்திருக்கிறது.

எல்லா சியோலைட்டும் இப்படிச் சீக்கிரம் அடைபடுவதில்லை. இசட்எஸ்எம்-5 என்பதில் கூண்டுகளே இல்லை, சுமார் 0.55 நானோமீட்டர் அகலச் சுரங்கங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. பெரிய வளையங்கள் வளர அங்கே இடம் போதாது. கரி பெரும்பாலும் வெளிப்பரப்பில்தான் படியும். மெத்தனாலிலிருந்து பெட்ரோல் எடுக்க நியூசிலாந்தின் மொட்டுனூயியில் 1985இல் தொடங்கிய ஆலை இதைத்தான் நம்பியது; நாளுக்குச் சுமார் 14,500 பீப்பாய் அதன் திறன்.

அடைபட்டதை மீட்க வழக்கமான வழி, காற்றைச் செலுத்திக் கரியை எரிப்பது. சாப்போ-34க்கு அடிக்கடி எரிக்க வேண்டியிருப்பதால், சீனாவின் பாவ்டோவில் 2010இல் தொடங்கிய ஆலையில் வினையூக்கித் தூள் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. திரவம்போல் ஓடி எரிப்பு உலைக்குப் போகிறது, கரி நீங்கித் திரும்பி வருகிறது. ஆண்டுக்கு 18 லட்சம் டன் மெத்தனாலை ஏறத்தாழ 6 லட்சம் டன் எத்திலீன், புரொப்பிலீனாக மாற்றும் ஆலை அது. மெத்தனாலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீராகவே போய்விடும்.

எரிப்பதிலும் ஆபத்து உண்டு. சூடும் நீராவியும் சேர்ந்தால் இசட்எஸ்எம்-5இன் சட்டகத்திலிருந்து அலுமினியம் பெயர்ந்து வந்துவிடும். அந்த இழப்பை எந்தத் தீயாலும் சரிசெய்ய முடியாது.

அதைவிட வியப்பு, சாப்போ-34இல் கரியை முழுக்க எரித்துவிடுவதும் லாபமல்ல. கொஞ்சம் கரி தங்கிய கூண்டில் இடம் குறுகுவதால், சின்ன மூலக்கூறான எத்திலீன் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆகவே வினையூக்கியைத் துடைத்து வைப்பதல்ல, எவ்வளவு கரியை விட்டுவைப்பது என்று அறிவதே இந்தத் தொழிலின் கைப்பக்குவம்.