பொறுக்கக் கூடாத தலைவலி

நெசவாளரும் விவசாயியும் தலைவலியை ஒரு நோயாகவே கொள்வதில்லை. சுக்கை இழைத்துப் பற்றிட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தறிக்குழியில் இறங்கிவிடுவது நம் வழக்கம். மங்கிய ஒளியில் இழை பார்ப்பதாலும், வேளைக்கு உண்ணாமையாலும், உறக்கக் குறைவாலும் வரும் வலிக்கு அதுவே போதும், ஓய்வில் தணிந்துவிடும்.

ஆனால் முன் எப்போதும் கண்டிராத கடுமையுடன், மண்டையில் இடி விழுந்தாற்போல் நொடியில் தொடங்கும் வலி வேறு. மூளையைச் சுற்றிய இரத்தக் குழாய் வெடித்ததன் அடையாளமாக அது இருக்கலாம். சுக்கைத் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். வாய் கோணினாலும், பேச்சுக் குழறினாலும், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலும் அவ்வாறே. அப்போது தலைவலி இல்லாமலும் இருக்கலாம். இரத்தக் கட்டியால் வந்த அடைப்பாயின், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ இருப்பவர் “விடியட்டும்” என்று படுத்தால், அந்நேரம் வீட்டிலேயே கழிந்துவிடும். காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், அடிபட்ட பின் வாந்தி, கருவுற்ற பெண்ணுக்குப் பார்வை மங்கல் ஆகியவையும் காத்திருக்கத் தக்கவை அல்ல.

தலைவலியோடு வலிப்பும் கண்டால் மந்திரிக்கச் செல்வோர் இன்றும் உளர். அது நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியதால் வந்ததாக இருக்கலாம். மனிதக் கழிவு வழியே காய்கறியிலும் நீரிலும் புழுவின் முட்டை கலப்பதால், புலால் உண்ணாதவரையும் அது விடுவதில்லை.

நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் உள்ளனர். சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த கழிவில் அமிலம் சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயு எழும். அங்கே தலை வலித்தால் உடனே வெளியேற வேண்டும். நாற்றம் மறைந்தது நல்லதற்கென்று எண்ணலாகாது. அவ்வாயு மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும்.

மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை விழுங்குவோருக்கு அம்மாத்திரையே தலைவலி தரும் என்பதும் பலர் அறியாதது.

நம் நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். வங்காளத்திலிருந்தெல்லாம் நோயாளர் காட்பாடியில் வந்து இறங்குகின்றனர். இருபது முப்பது கல் தொலைவிலுள்ள நாமோ தயங்குகிறோம். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு.

பூச்சிமருந்து தெளித்த பின் தலைவலியுடன் வியர்வையும் எச்சிலும் பெருகினால், உடையைக் களைந்து, உடம்பைச் சோப்பிட்டுக் கழுவி விரைக. மருந்துப் புட்டியையும் எடுத்துச் செல்க. அதன் மேலுள்ள பெயர் மருத்துவருக்கு வேண்டும்.