சுழலும் யந்திரத்தினுள்ளே குளிர்ச்சி

ஆனி, ஆடி மாதங்களிலே கம்பம் கணவாய் வழியாக வீசும் காற்றை உத்தமபாளையத்தார் நன்கறிவர். அக்காற்று நம் தேனி மாவட்டத்திலே காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. லோயர் காம்ப் மின்னிலையத்திலோ 1958 முதல் பெரியாற்று நீர் அத்தொழிலைச் செய்து வருகின்றது.

நீர்மின் யந்திரத்தின் நடுவே சுழல்வது தாமிரக் கம்பிச் சுருள்களாலாகிய மின்காந்தம். தாமிரத்தில் மின்தடை உண்டாதலின் சுருள் சூடேறும். ஆகவே ஓரளவுக்குமேல் மின்னோட்டத்தை அதிற் செலுத்துதல் இயலாது. 1911-இல் லெய்டன் நகரத்தில் காமர்லிங் ஆனெஸ் என்பார் பாதரசத்தை 4.2 கெல்வின், அதாவது பனிக்கட்டி உருகும் நிலைக்கு 269 பாகை கீழே, குளிர்வித்தபோது அதன் மின்தடை அறவே ஒழிந்தது. இதனையே மீக்கடத்தல் என்பர். இத்தகைய கம்பியாற் சுருள் அமைப்பின், சிறிய யந்திரமே பெரியதன் வேலையைச் செய்யும்.

ஆயின், சுழலுகின்ற சுருளைக் குளிர்விப்பது எங்ஙனம்? இங்கேதான் இடர் முழுதும் இருக்கின்றது. சுருளைச் சுற்றி வெற்றிடம் அமைத்துக் காற்றின் வழி வரும் உஷ்ணத்தைத் தடுக்கலாம். பளபளப்பான மென்தகடுகளைச் சுற்றிக் கதிர்வீச்சைத் திருப்பலாம். அச்சை யாது செய்வது? சுழற்றும் விசையனைத்தும் அதன் வழியேதான் சுருளை அடையவேண்டும். உஷ்ணமும் அவ்வழியே நுழையும். ஆதலின் குளிர்ந்த பகுதியை அச்சோடு பிணைக்கும் பாகம் முறுக்கைத் தாங்கும் வலிமையும், வெப்பத்தைக் கடத்தாத தன்மையும் ஒருங்கே உடையதாதல் வேண்டும். கண்ணாடியிழையும் பிசினும் கலந்த குழாய் இதற்கு உதவும், இரும்பு உதவாது.

நுழையும் உஷ்ணத்தை வெளியேற்றவும் சக்தி செலவாகும். 4.2 கெல்வினில் ஒரு வாட் உஷ்ணத்தை நீக்க, குறையற்ற பொறிக்கே சுமார் 70 வாட் தேவை. நடைமுறையிலோ அதனினும் பன்மடங்கு. 30 கெல்வினில் அக்கணக்கு 9 வாட்டாகக் குறையும். 1986-இல் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் கண்ட புதுவகை மீக்கடத்திகளின் அருமை இதனால் விளங்கும்.

அவ்வகை நாடாவைக்கொண்டு செய்த 3.6 மெகாவாட் யந்திரமொன்று, 2018-இல் டென்மார்க்கிலே தைபரோன் என்னுமிடத்தில் காற்றாலையின் உச்சியில் ஏற்றப்பெற்றது. திரவத்தைச் சுழலும் பாகத்துக்குள் பாய்ச்சும் தொல்லையை அதனை அமைத்தோர் மேற்கொள்ளவில்லை. குளிர்பொறிகளின் தலைகளையே சுழலியோடு சேர்த்துச் சுழலவிட்டு, அமுக்கிய ஹீலிய வாயுவை மட்டும் சாதாரண உஷ்ணநிலையிலேயே சுழல்மூட்டின் வழியாக உட்செலுத்தினர். இவ்வுபாயம் நமக்கு மிகவும் பிடித்தது.

நம் பள்ளத்தாக்குக்கு ஒரு சங்கடம் உண்டு. காற்று ஓய்ந்த மாதங்களிலும் குளிர்பொறிக்கு மின்சாரம் அளித்துக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினாற் சுருள் வெதும்பிவிடும், மறுபடி குளிரப் பல நாட்கள் செல்லும்.