லாபம் வரலாம், வீட்டுக்குப் போகக் கூடாது

2022 ஜூனில் ஐபிஎல் ஆட்டங்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒளிபரப்பும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஏலம் விட்டது கம்பெனி அல்ல, ஒரு சங்கம். தெருமுனைக் குடியிருப்போர் நலச் சங்கமும் ஊர் மனமகிழ் மன்றமும் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றனவோ, அதே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்தான் இந்திய கிரிக்கெட் வாரியமும் இருக்கிறது. அதற்குப் பங்குதாரர்கள் இல்லை, டிவிடெண்டும் இல்லை. காகிதக் கணக்கில் அது லாப நோக்கற்ற அமைப்பு.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஐபிஎல் அணிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வரும் பங்கு ஒரு லிமிடெட் கம்பெனியின் கணக்கில் விழுகிறது. அங்கே செலவும் வரியும் போக மிஞ்சுவது பங்கு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தம். ஒரே ஆட்டம், ஒரே விளம்பரப் பணம். ஒரு வாசலில் நுழைந்தால் சங்க நிதி, இன்னொரு வாசலில் நுழைந்தால் முதலாளிக்கு லாபம்.

‘லாப நோக்கற்ற’ என்றதும் உண்டியலும் இலவசமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தப் பெயர் கொண்ட அமைப்பு கட்டணம் வாங்கலாம், சம்பளம் கொடுக்கலாம், வருடக் கடைசியில் கையில் கோடிகள் மிஞ்சவும் செய்யலாம். மிஞ்சியதை நடத்துகிறவர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் தடை.

இதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன அறுவை சிகிச்சை நிபுணர் அவர். முதல் பணத்துக்குக் குடும்பத்தின் நகைகள் அடகுக்குப் போயின. பணம் கட்ட முடிந்தவர்களிடம் கட்டணம் வாங்கி, அந்த வரவில் முடியாதவர்களுக்கும் கண்புரை எடுப்பது என்பதுதான் ஏற்பாடு. நன்கொடையை நம்பி இராமல், தன் வரவிலேயே வளர்ந்தது மருத்துவமனை.

1992இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் வந்தது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும்; ஒன்றின் விலை ஏறத்தாழ நூறு டாலர். மதுரையிலேயே தயாரித்து அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது. ஏற்றுமதி, தொழிற்சாலை, உபரி எல்லாம் உண்டு. ஆனால் இது ஓர் அறக்கட்டளையின் கீழ் நடப்பது. உபரி அடுத்த மருத்துவமனைக் கட்டடமாகவோ அடுத்த கண் முகாமாகவோதான் மாற முடியும்.

சென்னையில் பிறந்த டாக்டர் அகர்வால்ஸ் குழுமமும் கண்புரைதான் எடுக்கிறது. அதன் தாய்க் கம்பெனி 2025 பிப்ரவரியில் பங்குச் சந்தையில் பட்டியலானது. நோயாளிக்கு இரண்டு இடத்திலும் ஓபி சீட்டு, சொட்டு மருந்து, ஆபரேஷன் தியேட்டர். வேறுபாடு கணக்கு அறையில் இருக்கிறது. கம்பெனி பங்கு விற்று ஒரே மூச்சில் பெரும் முதல் திரட்டலாம். பணம் போட்டவர் அது பெருக வேண்டும் என்று எதிர்பார்ப்பார், அது நியாயம்தான். அறக்கட்டளையால் பங்கு விற்க முடியாது. வரவு, நன்கொடை, கடன் என்ற மூன்றை வைத்தே வளர வேண்டும். அதனால்தான் நல்ல அறக்கட்டளைகள் பல, ஓர் ஊரைத் தாண்டாமலே நின்றுவிடுகின்றன.

லாப நோக்கற்ற அமைப்பு தொடங்க இங்கே மூன்று வழி. பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தால் டிரஸ்ட். ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்தால் சங்கம். கம்பெனிகள் சட்டம் 2013இன் 8ஆம் பிரிவின்படி தொடங்கினால், பெயருக்குப் பின்னால் ‘லிமிடெட்’ போடத் தேவையில்லாத கம்பெனி. வரிச் சலுகை தானாக வராது. வருமான வரித்துறையில் தனியாகப் பதிவு வேண்டும். பொதுவான விதி, ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது. மீதி 15 சதவீதத்துக்கு மேல் சேர்த்துவைக்க விரும்பினால் காரணமும் காலமும் சொல்ல வேண்டும். நன்கொடையாளருக்கு வரி குறையும் ‘80ஜி ரசீது’ கொடுப்பதற்கும் தனி அனுமதி உண்டு.

சட்டம் இவ்வளவு சொன்னாலும் சந்து இல்லாமலா போகும்? இந்தியாவில் பொதுவாகப் பள்ளி, கல்லூரியை லாபத் தொழிலாக நடத்தக் கூடாது. நியாயமான உபரி இருக்கலாம் என்பது உச்ச நீதிமன்றம் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002இல் சொன்ன நிலைப்பாடு. அதனால் தனியார் கல்லூரி வாசல்களில் டிரஸ்ட் பெயர்ப் பலகைகளே தொங்கும். சில இடங்களில் கட்டடம் நிர்வாகியின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கும். டிரஸ்ட் வாடகை கட்டும். பேருந்து, கேன்டீன், சீருடை ஒப்பந்தம் மைத்துனர் கம்பெனிக்குப் போகும். நேர் வழியில் எடுக்க முடியாத லாபம் செலவுக் கணக்கில் ஏறி வீட்டுக்கு வந்துசேரும். சந்தை விலைக்கு மேல் உறவினருக்குக் கொடுத்தால் வரிச் சலுகை பறிபோகும் என்ற விதி இருக்கிறது. ஆனால் சந்தை விலை எது என்று நிரூபிப்பதற்குள் மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள்.

கிரிக்கெட் வாரியத்தின் மீதும் வருமான வரித்துறை ஒரு கேள்வி எழுப்பியது: ஐபிஎல் விளையாட்டு வளர்ப்பா, வியாபாரமா? பல ஆண்டுகள் வழக்கு நடந்தது.

தலைகீழாகவும் ஒரு காட்சி உண்டு. டாடா சன்ஸ் நூற்றுக்கு நூறு லாபத்துக்கான கம்பெனி. உப்பிலிருந்து மென்பொருள்வரை விற்கும் குழுமத்தின் தலைமை நிறுவனம். அதன் பங்குகளில் 66 சதவீதம் டாடா குடும்பத்தார் ஏற்படுத்திய அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. ஆகவே டிவிடெண்டில் பெரும்பகுதி மருத்துவமனைக்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறது. மற்ற பெரிய கம்பெனிகளைச் சட்டமே கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது: ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே, கடைசி மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்.

லாபத்துக்கான கம்பெனிக்கும் லாப நோக்கற்ற அமைப்புக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரிவது கடையை மூடும் நாளில். கம்பெனி கலைந்தால், கடன்களை அடைத்த பிறகு மிஞ்சும் நிலமும் பணமும் பங்குதாரர்களுக்குப் போகும். 8ஆம் பிரிவுக் கம்பெனி கலைந்தால், மிஞ்சுவது அதே போன்ற நோக்கம் கொண்ட வேறொரு 8ஆம் பிரிவுக் கம்பெனிக்குப் போகும்; இல்லையென்றால் விற்கப்பட்டு, அந்தப் பணம் சட்டம் சொல்லும் திவால் நிதியில் சேரும். தொடங்கியவர் தன் கைக்காசைப் போட்டு வாங்கிக் கொடுத்த இடமாக இருந்தாலும், அவருடைய வாரிசுகளுக்கு அதில் ஒரு சென்ட் கூடக் கிடையாது.